மலை ரயில் நிலையப் பலகை: பெயர்களை எதில் வைப்பது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையுள்ள மலை ரயில் நிலையங்களைத் திரையில் காட்டும் சிறு பைத்தான் நிரல் இது. கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் எனச் சில பெயர்கள்தான். ஆனால் கேத்திக்கு முன்னால் லவ்டேல் வந்துவிட்டால் பலகையே தப்பு.

பெயர் இரட்டிக்காது என்பதால் முதலில் செட் (ஒரே பொருளை இருமுறை வைக்காத தொகுப்பு). 1 முதல் 12 வரை எண்களைப் போட்டுச் சோதித்தபோது ஒழுங்காகவே வந்தது. பெயர்களைப் போட்டதும் குலைந்தது. நிரலை மறுபடி ஓட்டினால் வேறு வரிசை. செட்டில் ஒன்றை எங்கே வைப்பது என்பதை அதன் ஹாஷ் மதிப்பு என்ற எண்தான் முடிவுசெய்கிறது. சிறிய முழு எண்ணுக்கு ஹாஷ் மதிப்பு அந்த எண்ணேதான், அதனால் வரிசை இருப்பதுபோல் தெரிகிறது. பெயர் போன்ற எழுத்துச் சரத்தின் ஹாஷ் மதிப்போ பைத்தான் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாறும். எண்களை வைத்து மட்டும் செட்டைச் சோதிக்கவே கூடாது. இரட்டிப்பை நீக்க, பெயர்களை வைத்து டிக்ட் (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பை இணைத்து வைக்கும் தொகுப்பு) உருவாக்கும் டிக்ட்.ஃப்ரம்கீஸ் போதும், ஒவ்வொரு பெயரும் முதலில் வந்த இடத்திலேயே நிற்கும்.

அடுத்து, உயரத்தை வைத்து அடுக்கல். மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர், ஊட்டி 2,200-க்கு மேல். ஏறும் பாதைதானே, சரியாக வரும் என்று தோன்றும். வராது: லவ்டேலைத் தாண்டியதும் தண்டவாளம் ஊட்டிக்கு இறங்குகிறது. லவ்டேலுக்கு முன்னால் ஊட்டி வந்து உட்கார்ந்துவிடும்! தூரத்தை வைத்து அடுக்கினால் பிசகாது; மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 28 கிலோமீட்டர், ஊட்டி 46.

கடைசியில் நின்றது லிஸ்ட், அதாவது எழுதிய வரிசையிலேயே வைக்கும் பட்டியல். தடத்தின் வரிசை முன்பே தெரிந்தது, அதை எழுதியபடியே வைத்தால் போதும். இறங்கும் ரயிலுக்கு, பட்டியலைப் பின்னிருந்து படிக்கும் ரிவர்ஸ்டு.

பெயரைக் கொடுத்துத் தூரத்தைக் கேட்க டிக்ட். பைத்தான் 3.7 முதல் சேர்த்த வரிசையைக் காப்பது மொழியின் உறுதி. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மதிப்பை மட்டும் மாற்றினால் இடம் மாறாது. குன்னூரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் அது ஊட்டிக்கும் பின்னால் போய்விடும். மேலும், வரிசை மாறிய இரண்டு டிக்ட்களை ஒப்பிட்டாலும் 'சமம்' என்றே விடை வரும். சோதனையில் இரண்டையும் லிஸ்ட்டாக மாற்றி ஒப்பிட்டால்தான் பிழை பிடிபடும்.

பலகையின் அடியில் ஓடும் தாமத அறிவிப்புகளுக்கு டெக் (இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் ஏற்ற வரிசை). லிஸ்ட்டின் தலையில் ஒன்றை எடுத்தால் மீதி எல்லாம் ஒரு இடம் நகர வேண்டும். டெக்கில் தலையிலிருந்து எடுக்கும் பாப்லெஃப்ட் அந்த வேலையை வைப்பதில்லை. மேக்ஸ்லென் (அதிகபட்ச நீளம்) 5 என்று கொடுத்தால், ஆறாவது அறிவிப்பு வந்ததும் பழையது தானாக உதிர்ந்துவிடும்.