ரதத்துக்கு மேலே பச்சைப் புள்ளிகள்

தைப்பூசம் முடிந்த வாரம் எங்கள் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்கள் ஓரமாகப் போய்விடும். மலேசியாவின் பினாங்கில், பினாங்கு ஸ்டிரீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம், 2017 முதல் வரும் தங்க ரதம், இரண்டின் படங்களும் வந்து குவியும். இருட்டில் எடுத்த பல படங்களில், ரதத்தின் விளக்குகளுக்கு எதிர்ப்பக்கம் பச்சைப் புள்ளிகள் தலைகீழாக வரிசை கட்டி நிற்கும். அவற்றை எடுப்பது என் பொறுப்பு.

அவை லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் மோதித் திரும்பும் விளக்கொளியின் பிம்பங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு அதை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். ஆனாலும் கறுத்த வானமும் பளீரென்ற விளக்கும் ஒரே படத்தில் இருந்தால் அந்தக் கொஞ்சமே போதும். லென்ஸைக் காக்க முன்னால் ஃபில்டர் என்ற கண்ணாடியை மாட்டியிருந்தால் இன்னும் தொல்லை. படத்தைப் பதியும் சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி, ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வந்துவிடும். தெரிவது புள்ளியா, தூரத்து மாடி விளக்கா என்று சந்தேகம் வந்தால், ரத விளக்கிலிருந்து படத்தின் நடு வழியாக ஒரு கோடு போட்டுப் பார்ப்பேன். மறுபக்கம் அதே தூரத்தில் நின்றால் புள்ளிதான்.

வானத்தில் இருப்பதை, சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைக்கும் ஃபோட்டோஷாப் ஹீலிங் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். காவடி எடுப்பவரின் தோளிலோ பட்டுப்புடவைக் கரையிலோ விழுந்ததுதான் ஆளைச் சோதிக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் எடுத்தவுடன் குளோன் ஸ்டாம்ப்பில் கைவைப்பார்கள். பக்கத்துச் சரிகையை நகலெடுத்து ஒட்டுவார்கள், மாங்காய் டிசைன் பாதியில் அறுந்து நிற்கும். "தம்பி, அடியில சரிகை அப்படியே இருக்கு. மேலே வெளிச்சம் கூடிப்போச்சு, அதை மட்டும் இறக்கு" என்பேன். படத்தின் மேல் புது லேயர், அதாவது தனி அடுக்கு, போட்டு அதை நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் வைத்து, பக்கத்து நிறத்தை மெல்லிய பிரஷ்ஷில் பூசினால் பச்சை போய்விடும். அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் அந்த இடத்தை மட்டும் மாஸ்க் செய்து பிரித்து இருட்டாக்கினால் நெசவு தானாகவே தெரிய ஆரம்பிக்கும். சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைல் இருந்தால் இன்னும் சுலபம். வெள்ளையாகவே வெந்துபோன இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது, அங்கே மட்டும் குளோன்.

ஒருமுறை ஒரு ஆண்ட்டி, வேலுக்கு நேர்மேலே விழுந்திருந்த புள்ளியைக் காட்டி, "இதை மட்டும் எடுக்காதே ஐயா" என்றார். நான் கோடு, சென்சார் எல்லாம் பேசவில்லை. பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டப்போவது அவர். மற்றதைத் துடைத்துவிட்டு அதை விட்டுவிட்டேன். பிரிண்ட்டில் நன்றாகவே இருந்தது, சொல்லப்போனால்.

ராத்திரியில் ஃபில்டரைக் கழற்றிவிடு என்று எங்கள் கேமராமேனிடம் வருஷா வருஷம் சொல்கிறேன். "அண்ணே, ரதத்துக்கு முன்னால ரோடு முழுக்கத் தேங்காய் உடைக்கிறாங்க. ஓடும் சில்லும் பறந்து வருது. லென்ஸ் உடைஞ்சா நீங்களா வாங்கித் தருவீங்க?" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டம் தள்ளி இருக்கும்போதாவது கழற்று என்றேன். சரி என்றார். இந்த வருஷப் படங்களிலும் புள்ளிகள் வந்திருக்கின்றன.