‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று சொல்லாதீர்கள்

சென்னையில் ஜனவரி மாரத்தானுக்குப் பழகுகிறவர்கள் ஜூலையிலேயே விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். மெரினா, பெசன்ட் நகர் கடற்கரை, அண்ணா நகர் டவர் பூங்காவைச் சுற்றிய தெருக்கள், எங்கே நின்று பார்த்தாலும் இந்த ஜோடி கண்ணில் படும். ஏழெட்டு வருடம் ஓடிய ஒருவர் பத்தடி முன்னால். ஓட வந்து ஒரு மாதமே ஆன ஒருவர் பின்னால், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்து, “வாங்க வாங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்!” என்பார். மிச்சம் இருப்பது 1.8 கிலோமீட்டர். அவருக்கு அது பத்து நிமிடம். பின்னால் வருகிறவருக்குக் கால் மணி நேரத்துக்கும் மேல். இரண்டு திருப்பம் தாண்டியும் முடிவு வராதபோது, அடுத்து அவர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்: எவ்வளவு மிச்சம், உடம்புக்குள் இப்போது என்ன நடக்கிறது, அடுத்த இரண்டு நிமிடம் என்ன செய்ய வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல துணை. வேகமாக ஓடத் தெரிந்தவர் எல்லாருக்கும் இது வருவதில்லை.

முதல் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். இதயமும் ரத்த ஓட்டமும் வேலைக்கு ஏற்ற வேகத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். கால் தசைகள் அதற்குள்ளேயே ஆக்சிஜன் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளிதான் நெஞ்சை அடைப்பதுபோல் தோன்றுகிறது. பல வருடம் ஓடியவர்களுக்கும் முதல் கிலோமீட்டர் இப்படித்தான், ஆனால் அவர்களுக்கு அது பழகிப்போய், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தோன்றுவதில்லை. புதியவரோ ‘இரண்டாவது நிமிடத்திலேயே இப்படி என்றால் முப்பதாவது நிமிடத்தில் என்ன ஆகும்’ என்று கணக்குப் போட்டு நின்றுவிடுகிறார். ஓடத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடக்க வையுங்கள். பிறகு, “எனக்கும் இப்ப மூச்சு வாங்குது, பத்து நிமிஷத்துல அடங்கிடும்” என்று சொல்லிவிடுங்கள். இது உண்மை, அதனால் வேலை செய்யும்.

அடுத்தது வேகம். தொடக்கத்தில் வரும் கஷ்டங்களில் பெரும்பாலானவை தேவைக்கு மேல் வேகமாக ஓடுவதால் வருபவை, அந்த வேகமும் பக்கத்தில் ஓடுபவரிடமிருந்து ஒட்டிக்கொள்வது. அனுபவசாலி அரையடி முன்னால் ஓடினாலே போதும், பக்கத்தில் இருப்பவர் தன்னை அறியாமல் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், இவர் இன்னும் அரையடி முன்னால் போவார். ஆகவே அரையடி பின்னாலேயே ஓடுங்கள். “ஓகேவா?” என்று கேட்காதீர்கள். நாக்குத் தள்ளினாலும் “ஓகே சார்” என்றுதான் பதில் வரும். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். “ரெண்டு தோசை, கொஞ்சம் சாம்பார், அப்புறம் ஒரு வாழைப்பழம்” என்று ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. “தோ... சை” என்று வந்தால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத் துடிப்பு என்று கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இதை முடிவு செய்ய வேண்டாம். ஆளுக்கு ஆள் அது பத்துப் பன்னிரண்டு துடிப்புக்கு மேலும் தவறலாம். தோசைக் கேள்வி அவ்வளவு தவறாது.

நடப்பது தோல்வி என்ற எண்ணத்தை முதல் வாரத்திலேயே ஒழிக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தே பழகியவரை 5 கிலோமீட்டர் ஓட வைக்க 1996-இல் ஜாஷ் கிளார்க் என்பவர் வகுத்த ‘கவுச் டு 5கே’ திட்டம் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், அவ்வளவுதான். அதில் ஒரு பொறி இருக்கிறது: ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள். முந்தைய ஓட்டத்தில் நடுவே நடையோடு இரண்டு எட்டு நிமிட ஓட்டம். அன்றைக்கு நடையே இல்லாமல் இருபது நிமிடம். பலர் திட்டத்தைக் கைவிடுவது இந்த நாளைப் பார்த்துத்தான். கூட யாராவது ஓட வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் இதுதான். முதல் ஐந்து நிமிடம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போக வையுங்கள். நேரத்தை இருபது என்று சொல்லாமல், “இன்னும் ரெண்டு அஞ்சு நிமிஷம்” என்று துண்டு துண்டாகச் சொல்லுங்கள். முடியாமல் போனால் அந்த வாரத்தைத் திரும்பச் செய்யலாம். ஒன்பது வாரம் பன்னிரண்டு ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்கள் களைத்த பிறகு நடக்காமல், களைக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்து நடப்பதுதான் முறை.

நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை ஆபத்து எதிர்த் திசையிலிருந்து வரும். மூச்சு சீராகிவிடும், உற்சாகம் பொங்கும், “அண்ணே, நாளைக்கு பத்து கிலோமீட்டர் போலாமா?” என்று கேட்பார்கள். ரத்தத்தின் நீரளவு ஓரிரு வாரத்தில் கூடிவிடும், இதயமும் சீக்கிரமே பழகும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். போதாததற்கு, எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதை முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்கும். அதனால் இடையில் கொஞ்ச காலம் முன்பைவிட மெலிந்தே இருக்கும். மூச்சு ‘சரி’ என்கிறது, முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்னங்கால் எலும்பு ‘பொறு’ என்கிறது. இந்த நேரத்தில் உற்சாகப்படுத்துவது என்றால் கையைப் பிடித்து நிறுத்துவதுதான்.

முன்னங்கால் வலி வந்தால் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பின் உள்விளிம்பில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால், ஓடத் தொடங்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், பெரும்பாலும் அது ‘ஷின் ஸ்பிளின்ட்’. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, தார்ச் சாலையின் சரிவான ஓரத்தை விட்டுச் சமதளத்துக்கு மாறி, தினம் கெண்டைக்காலுக்கு வலுவூட்டினால் பெரும்பாலும் அடங்கும். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, பதினைந்து தடவை, மூன்று சுற்று. ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, அந்த ஒற்றைக் காலில் தத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றோடு ஓட்டம் நின்றாக வேண்டும், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘ஓடினா சரியாப் போயிடும்’ என்று மூத்தவர்கள் சொல்லவே கூடாத இடம் இது.

விலாப் பிடிப்பு அத்தனை பெரிய விஷயம் இல்லை. வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை விரலால் அழுத்தி, உதட்டைக் குவித்து மூச்சை முழுக்க வெளியே ஊதினால் ஓரிரு நிமிடத்தில் விடும். ஓடுமுன் வயிறு நிறைய எதையும் குடிக்காமல் இருந்தாலே பாதி குறையும்.

சென்னையில் வேகத்தைவிடப் பெரிய எதிரி புழுக்கம். மே மாதம் விடியற்காலையிலும் 28 டிகிரிக்கு அருகில் நிற்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும், சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதே வேகத்தில் துடிப்பு பத்துக்கு மேல் ஏறும். புதியவர் ‘நமக்குத் தெம்பு போய்விட்டது’ என்று நினைத்துக்கொள்வார். “வெயில் காலத்துல எனக்கும் கிலோமீட்டருக்கு அரை நிமிஷம் கூடுதலாத்தான் ஆகுது” என்று மூத்தவர் தன் கணக்கைக் காட்டினால் போதும். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஊகம் வேண்டாம், எடைக் கருவி இருக்கிறது. ஓடுமுன் 62 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து ஈரம் துடைத்துப் பார்த்தால் 61.2 கிலோ, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால் வியர்வையாகப் போனது 1.1 லிட்டர். போனது அத்தனையையும் ஓட்டத்திலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, மிச்சத்தை வீட்டில் சரிசெய்யலாம். ஓடிய பிறகு எடை கூடியிருந்தால் தண்ணீர் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக ஓடி வழியில் தண்ணீர் வைத்திருக்கும் இடங்களில் எல்லாம் நின்று குடிக்கும் புதியவர்களுக்குத்தான் இது அதிகம் நேரும். ‘தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க’ என்று வற்புறுத்துவதும் அதனால் நல்லதல்ல. நீண்ட ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி அதில் போட்டிருக்கும் அளவிலேயே கரையுங்கள். கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ நிழலில் உட்கார வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் “முடிச்சிடலாம்” என்கிற பேச்சு கூடாது.

வேகம் வேறு வேறாக இருப்பவர்கள் சேர்ந்து பழக எளிய வழி, தூரத்தை மறந்து நேரத்தைப் பிடிப்பது. இருவரும் ஒரே இடத்தில் கிளம்பி அவரவர் வேகத்தில் இருபது நிமிடம் போய், அலாரம் அடித்ததும் இருந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறவர் 3.3 கிலோமீட்டரில் திரும்புவார், எட்டு நிமிடக்காரர் 2.5-இல். வேகம் மாறாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். பிந்தி வருகிறவர் போகும்போது அவசரப்பட்டிருக்கிறார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும், அது பெரும்பாலும் மூத்தவராகவே இருக்கும். வேகமும் மெதுவுமாக மாறி மாறி ஓடும் இன்டர்வெல் பயிற்சி நாளில் எல்லாரும் இரண்டு நிமிடம் வேகமாக ஓடிவிட்டு, அடுத்த இரண்டு நிமிடத்தில் முன்னால் போனவர்கள் வந்த வழியே திரும்பி மெதுவாக ஓடி வந்து கடைசி ஆளோடு சேர்ந்துகொள்ளலாம். யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள், யாருக்கும் பயிற்சி குறையாது.

இதில் கொடுப்பது மூத்தவர், வாங்குவது புதியவர் என்று நினைத்தால் தப்பு. அனுபவசாலிகளின் பொதுவான நோய், மெதுவாக ஓட வேண்டிய நாளில் முக்கால் வேகத்தில் ஓடுவது. மெதுவும் இல்லை, வேகமும் இல்லை, களைப்பு மட்டும் மிச்சம். வாரத்தில் இரண்டு நாள் புதியவரோடு ஓடினால் அந்த நோய் தானாகத் தீரும்.

அதைவிடப் பெரிய உதவி, காயத்திலிருந்து திரும்பும்போது. நான்கு வாரம் படுத்திருந்த மூத்தவர் தன் கடிகாரத்தின் பழைய எண்களைப் பார்த்து நொந்துபோயிருப்பார், வலியை மறைத்தும் ஓடுவார். அப்போது பக்கத்தில் ஓடும் புதியவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, “அண்ணே, வலி பத்துக்கு எத்தனை?” என்று கேட்க வேண்டும். இரண்டு, மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலையிலும் கூடாமல் இருந்தால் தொடரலாம். நான்கு என்றால் நடை. அண்ணன் ஆறை மூன்று என்று சொல்கிறாரா என்பது அவர் நொண்டுவதில் தெரிந்துவிடும். கூச்சப்படாமல், “நொண்டுறீங்க, நடங்க” என்று சொல்லுங்கள். ஷூ எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். ஐந்நூறிலிருந்து எண்ணூறுக்குள் மாற்ற வேண்டியதை ஆயிரத்து நானூறு வரை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவருக்கு ஷூ பற்றி அறிவுரை சொல்பவர்களே.

உலகில் இரண்டு ஏற்பாடுகள் இதை அழகாகச் செய்கின்றன. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. அங்கே ஒரே நேரத்தைக் குறிவைப்பவர்கள் கூட்டமாக ஓடுவதற்குப் பெயர் ‘பஸ்’. முன்னால் ஓடுபவர் ‘டிரைவர்’. எந்த மேட்டில் நடப்பது, எங்கே மறுபடி ஓடுவது என்று அவர்தான் சொல்வார், பஸ்ஸில் இருப்பவர்கள் பாடிக்கொண்டே போவார்கள். இன்னொன்று 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன். சனிக்கிழமைதோறும் நடக்கும் அந்த 5 கிலோமீட்டரில் எல்லாருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான். ‘கடைசியா வந்துடுவோமோ’ என்று பயந்து ஓட வராதவர்கள் நம் ஊரிலும் நிறைய. ஐந்து பேர் கூடி ஓடினாலும் முறை வைத்து ஒருவர் கடைசியாக வரலாம். செலவு ஒன்றும் இல்லை.

பந்தய நாளில் ஓரமாக நின்று உற்சாகப்படுத்துகிறவர்களுக்கு: ஹாஃப் மாரத்தானில் (21.1 கிலோமீட்டர்) 16-லிருந்து 19-ஆவது கிலோமீட்டர் வரை கூட்டம் குறைவு, கஷ்டம் அதிகம். முடிவுக்கோட்டை விட்டுவிட்டு அங்கே போய் நில்லுங்கள். நிற்கும் இடத்திலிருந்து முடிவு வரை எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்துவைத்துக்கொண்டு, “2.6 கிலோமீட்டர், அடுத்த தண்ணி 400 மீட்டர்ல, இடது பக்கம்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் ஓடி முடித்ததும் அந்த இடத்திலேயே நிற்கவோ உட்காரவோ விடாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்து நிமிடம் நடத்திக் கூட்டிப் போங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும், படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கும்போதுதான் பலர் மயங்கி விழுகிறார்கள்.