ஒரு சர்க்கரைதான் வித்தியாசம்

என் ரத்ததான அட்டையில் பி பாசிட்டிவ், அண்ணனுடையதில் ஏ. சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எனக்கு கேலக்டோஸ், அவருக்கு என்-அசிட்டைல்கேலக்டோசமைன், அவ்வளவுதான் வித்தியாசம். அதை ஒட்டும் நொதிகளிலும் 4 அமினோ அமிலங்கள்தான் மாறுகின்றன.

சரி, வெறும் கேலக்டோஸ் தானாகப் போய் ஒட்டாது. செல் அதை முதலில் யுடிபி என்ற நியூக்ளியோடைடோடு (ஆர்என்ஏவின் கட்டுமானத் துண்டு போன்ற சிறு மூலக்கூறு) கோக்க வேண்டும், அந்தப் பிணைப்பின் ஆற்றல்தான் ஒட்டும் வேலையை நடத்துகிறது. இந்த நியூக்ளியோடைடு சர்க்கரைகளைக் கண்டுபிடித்த அர்ஜென்டினாக்காரர் லூயிஸ் லெலுவாருக்கு 1970இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். இந்த நியூக்ளியோடைடு சர்க்கரைகளில் பெரும்பாலானவை உருவாவது செல்லின் உள்திரவமான சைட்டோசாலில், ஆனால் வேலை நடப்பது செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பைகளான கோல்கிக்குள். கோல்கியின் சவ்விலுள்ள கடத்திப் புரதம் ஒரு யுடிபி-சர்க்கரையை உள்ளே விட்டு, சர்க்கரையை இறக்கிவைத்தபின் மிஞ்சும் யுஎம்பி (யுடிபியில் ஒரு பாஸ்பேட் குறைந்தது) ஒன்றை வெளியே அனுப்புகிறது.

ஃபியூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஜிடிபி என்ற நியூக்ளியோடைடோடு கோத்து வருகிறது; இந்த ஜிடிபி-ஃபியூகோஸின் கடத்தி மட்டும் பழுதானால் வெள்ளையணுக்களால் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்ற முடியாது, குழந்தைக்குத் தொற்று திரும்பத் திரும்ப வரும், ஏ, பி நுனிச் சர்க்கரைகள் ஒட்டுவதற்கான ஃபியூகோஸ் உள்ள அடித்தளமே இல்லாததால் ரத்த வகையும் அபூர்வமான பாம்பே வகையாகிவிடும். அப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு வாய்வழியாக ஃபியூகோஸ் கொடுத்ததில் தொற்று குறைந்திருக்கிறது.