அமுச்சி பாக்கு இடிச்ச டாலி

எங்க அமுச்சி, அதாவது பாட்டி, பாக்கு இடிக்கறதுக்கு ஒரு இரும்புத்துண்டு வெச்சிருந்தாங்க. உள்ளங்கையில அடங்கற சைஸு, ஒரு பக்கம் மட்டும் சாய்ச்சு சீவின மாதிரி இருக்கும், ஆனா தூக்குனா ஒரு கிலோவுக்கு மேல கனம். நாங்க எடுத்து வெளையாடுனா அப்புச்சி, எங்க தாத்தா, சத்தம் போடுவாரு, "டேய் அது ஏரோப்ளேன் சாமான்டா, கால்ல போட்டுக்காதீங்கடா"ன்னு. ஏரோப்ளேனுக்கு எதுக்குடா இரும்புத்துண்டுன்னு நாங்க சிரிச்சுட்டு ஓடிருவோம்.

பொறவு நானே கோயமுத்தூர் கணபதில லேத் பட்டறை போட்டு பத்து வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது டாலி. ரிவெட்னா ரெண்டு தகட்டைச் சேத்துப் புடிக்கற ஆணி, அதை அடிக்கறப்ப அக்கட்ட பக்கம் முட்டுக் குடுக்கற கட்டை. முன்னாடி ஒருத்தன் காத்து சுத்தியல்ல தடதடன்னு அடிப்பான், பின்னாடி ஒருத்தன் டாலியை வெச்சு அழுத்திப் புடிச்சுக்குவான், அந்த அழுத்தத்துலதான் ரிவெட் வால் நசுங்கி தலையா மாறும். எங்க அப்புச்சி பின்னாடி புடிக்கற ஆளு.

அவரு 17 வயசுல பெங்களூர் போயி எச்.ஏ.எல்.ங்கற ஏரோப்ளேன் கம்பெனில சேந்தாரு, அது 1943. அப்ப அந்த கம்பெனியே அமெரிக்க ராணுவத்து கையில இருந்துச்சு, ரெண்டாம் உலகச் சண்டைக்குப் போயிட்டு வர்ற கேட்டலினா, மிட்செல், லிபரேட்டர், டக்கோட்டாங்கற ஏரோப்ளேன் எல்லாம் அங்கதான் ஓவர்ஹாலுக்கு வரும். (இதுல ஒரு கூத்து, அதே சமயத்துல நம்ம கோயமுத்தூர்லயே பிரிட்டிஷ் நேவியோட ஏரோப்ளேன் ரிப்பேர் யார்டு இருந்துச்சு, பேரு ஹெச்.எம்.எஸ். கருடா. கடலே இல்லாத ஊர்ல கப்பல் பேரு. நேவிக்காரன் தரையில கேம்ப் போட்டாலும் கப்பல் பேருதான் வெப்பானாம்.) உள்ளூர்லயே வேலை இருந்தும் ஏன் பெங்களூர் போனாருன்னு கேட்டா அப்புச்சி பதில் சொல்லமாட்டாரு, ஊட்ல சண்டைன்னு அமுச்சி சொல்லித்தான் தெரியும்.

லிபரேட்டர்னா பி-24, நாலு இஞ்சின் குண்டு விமானம், ரெக்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி 110 அடி. அமெரிக்காவுல 18 ஆயிரத்துக்கு மேல செஞ்சு தள்ளியிருக்காங்க. குண்டு போடற கதவு நம்ம கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டுல சுருண்டு மேல ஏறும். உள்ள குண்டுகளுக்கு நடுவுல நடந்து போற பாதை ஒம்பது இஞ்ச் அகலம்தான், நம்ம காட்டு வரப்புகூட அதைவிட அகலமா இருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். சண்டை முடிஞ்சுது, வெள்ளைக்காரன் கெளம்பறான். கான்பூர் பக்கம் சக்கேரில லிபரேட்டருங்க வரிசையா நிக்குது. அதெல்லாம் அமெரிக்கா லெண்ட்-லீஸ்னு கடனுக்குக் குடுத்தது, சண்டை முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும், இல்லைன்னா ஒண்ணுக்கும் ஆகாம பண்ணிரணும். இவங்க ரெண்டாவதைப் பண்ணாங்க. தகட்டைக் கொத்தி ஓட்டை போட்டாங்க, மீட்டரையெல்லாம் ஒடைச்சாங்க, இஞ்சினுக்குள்ள மண்ணைக் கொட்டுனாங்க. பொழப்புல மண்ணைப் போடறதுன்னு நாம பேச்சுக்குச் சொல்றோம், அவங்க நெசமாவே போட்டுட்டுப் போயிருக்காங்க.

பொறவு நம்ம ஏர்ஃபோர்ஸுக்கு குண்டு விமானம் வேணும், வாங்கக் காசு இல்ல. வெளிநாட்டு ஆளுங்க வந்து பாத்துட்டு இது தேறாதுன்னுட்டாங்களாம். எச்.ஏ.எல். ஆளுங்க போயி, ஒண்ணுல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டி, பறக்கற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, ஜம்ஷெட் முன்ஷின்னு அவங்க டெஸ்ட் பைலட்டு ஒண்ணொண்ணா பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தாரு. சுமார் 1,500 கிலோமீட்டர். மண்ணு கொட்டுன இஞ்சினு, அடுத்தவன் பிரிச்சுப் போட்ட வண்டி, நான் அதுல சிங்காநல்லூர் வரைக்கும்கூட போகமாட்டேன். இப்படி 40க்கு மேல வந்துச்சு. 1948 நவம்பர்ல ஏர்ஃபோர்ஸோட 5வது ஸ்குவாட்ரன்ங்கற படைப்பிரிவை அந்த லிபரேட்டரை வெச்சுத்தான் ஆரம்பிச்சாங்க.

பெங்களூர் வந்து எறங்குனதுக்கு அப்புறம்தான் எங்க அப்புச்சி வேலை. ஆளு ஒல்லி, குள்ளம், அதனால ரெக்கைக்குள்ள தள்ளிருவாங்களாம். ஒரு பல்பு, ஒரு டாலி, படுத்த வாக்குல நாள் பூரா. வெளிய இருக்கறவன் மூஞ்சி தெரியாது, பேசுனாலும் காது கேக்காது, எல்லாம் தட்டறதுலதான் பேச்சு. ஒரு தட்டு தட்டுனா இன்னும் அடி, ரெண்டு தட்டுனா சரியா உக்காந்துருச்சு, மூணு தட்டுனா கெட்டுப்போச்சு, கழட்டிட்டு வேற போடு. அவரு சாகற வரைக்கும் எடது காது கேக்காது. ஃபோன்ல பேசுனா தெருவே கேக்கும். சாப்பாடு போதும்னா தட்டை ரெண்டு தட்டு தட்டுவாரு, ஊட்ல எல்லாருக்கும் அது புரியும்.

இன்னொண்ணு சொல்வாரு, பெரிய ரிவெட்டையெல்லாம் ஐஸ் பொட்டியில வெச்சிருப்பாங்கன்னு. கண்ணாலம் ஆன புதுசுல இதைச் சொன்னப்ப அமுச்சி, "ஐஸ் பொட்டியில ஆணி வெப்பாங்களா, என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சீங்களா"ன்னு கேட்டாங்களாம். அந்த எகத்தாளம் அம்பது வருசம் ஓடுச்சு. ஒரம்பரை, சொந்தக்காரங்க வந்தா போதும், அமுச்சியே ஆரம்பிச்சு உடுவாங்க.

போன வருசம் இதையே செஞ்சு பாக்கலாம்னு எனக்கு ஒரு கிறுக்கு. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட டூராலுமின்ங்கற அலுமினியக் கலவை ரிவெட் கொஞ்சம் கெடைச்சுது, பழைய அலுமினியத் தகடு ரெண்டு துண்டு, எங்க பட்டறை பெரிய ஃபிட்டரண்ணன் காத்து சுத்தியலோட, நான் அமுச்சியோட டாலியோட. கணக்கு என்னன்னா ரிவெட் தடிமனைப் போல ஒண்ணரை மடங்கு வால் வெளிய நீட்டணும், அடிச்சு முடிச்சா தலை அகலம் ஒண்ணரை மடங்கு, உசரம் பாதி. புஸ்தகத்துல ஒரு வரி. அடிச்சா மொதல் ரிவெட் தலை வெடிச்சுருச்சு. ரெண்டாவது ஒரு பக்கமா சாஞ்சு நத்தை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. மூணாவதுல நான் டாலியை ஒரு நூல் சாய்ச்சுப் புடிச்சுட்டேன், தகடே பொத்துக்கிச்சு. அண்ணன் என்னைப் பாத்து, "ஏனுங்க தம்பி, உங்க அப்புச்சி இதைத்தான் பன்னெண்டு வருசம் பண்ணாரா"ன்னாரு. கடுப்புல டீ குடிக்கப் போயிட்டோம்.

தப்பு எங்கன்னு விசாரிச்சா, அந்த ரிவெட் வாங்கி வெச்சு நாளாகி இறுகிப்போச்சு. ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைல சொல்லி 500 டிகிரிக்கு காய்ச்சி சடார்னு தண்ணியில போட்டா வெண்ணெய் மாதிரி ஆயிருது, ஆனா கொஞ்ச நேரத்துல தானா திரும்ப இறுக ஆரம்பிச்சுரும், சில ரகத்துக்கு இருவது நிமிசம்தான். குளுருல வெச்சா அது இறுகாம அப்படியே மெதுவாவே இருக்கும். அதுக்குத்தான் ஐஸ் பொட்டி. அப்புச்சி சொன்னது அத்தனையும் நெசம். அமுச்சி இருந்திருந்தா அன்னிக்கே போயி சொல்லியிருப்பேன்.

டெல்லிக்கு ஒரு மெஷின் எக்ஸிபிஷனுக்குப் போனப்ப பாலம் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துல ஹெச்.ஈ. 924ன்னு ஒரு லிபரேட்டர் பாத்தேன். எல்லாரும் மூக்குக்கிட்ட நின்னு செல்ஃபி எடுக்கறாங்க, நான் ரெக்கைக்கு அடியில போயி ரிவெட் வரிசையைப் பாத்துட்டு நிக்கறேன். நேரா, ஒரே இடைவெளி, ஒரு எடத்துல மட்டும் ரெண்டு ரிவெட் சைஸ் பெருசு. மொதல் ஓட்டை பெருசாயிருச்சுன்னா அடுத்த சைஸ் போடறது வழக்கம். யாரோ மூணு தட்டு தட்டியிருக்காங்க.

நம்ம ஆளுங்க அதை 1968 வரைக்கும் ஓட்டுனாங்க, ஒலகத்துல மத்த எடத்துலயெல்லாம் பி-24ஐ ஒடைச்சு ஈயம் பித்தளைக்குப் போட்ட காலத்துல. அதனாலதான் இன்னிக்கு மியூசியத்துல நிக்கற சில பி-24 நம்ம ஊர்ல இருந்து போனது. கனடாவுக்கு ஒண்ணு, அமெரிக்காவுல டூசானுக்கு ஒண்ணு, 1974ல இங்கிலாந்துக்கு ஒண்ணு, எல்லாம் பறந்தே போச்சு. ஒடைச்சுப் போட்டுட்டுப் போனவன் ஊருக்கே திரும்பப் பறந்து போயிருக்கு பாருங்க, இதைச் சொன்னா அப்புச்சிக்கு மீசையில ஒரு சிரிப்பு வரும்.

இன்னொண்ணும் நம்மகிட்ட இருந்ததுதான். 1980கள்ல இங்கிலாந்து போயி, அங்கிருந்து அமெரிக்காவுல பழைய ஏரோப்ளேனைச் சரிபண்ணி வெக்கற காலிங்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட போச்சு, அவங்க ஒவ்வொரு தகடா பிரிச்சு 1989ல பறக்க உட்டாங்க. 97,000 மணி நேர வேலைன்னு கணக்கு சொல்றாங்க. ஒருத்தன் தெனம் எட்டு மணி நேரம், வருசம் 300 நாள்னு பாத்தா 40 வருசம், என் பட்டறை வயசை விட அதிகம்.

ஆனா எனக்கு இந்த 97,000 மேல பெரிய பிரமிப்பு இல்லைங்க. ஒருக்கா பிரிச்சு மாட்டறதுக்கு வேகம் இருக்கும், காசு குடுக்க ஆள் வரும், ஃபோட்டோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் தெனம் பாக்கணுமே, அதுதான் வேலை. இதுல இருக்கற ரேடியல் இஞ்சின்ல சிலிண்டரை வட்டமா சுத்தி அடுக்கியிருக்கும், நின்னாலே ஆயில் எறங்கி அடி சிலிண்டர்ல சேந்துரும், அப்படியே ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும், அதனால ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி ஆளுங்க ப்ரொப்பெல்லரைக் கையால புடிச்சு சுத்தோணும். நாலு இஞ்சினுக்கும். சலிப்பா இருக்குன்னு ஒரு நாள் உட முடியாது.

அதே காலிங்ஸ் ஆளுங்க வெச்சிருந்த பி-17ங்கற இன்னொரு பழைய குண்டு விமானம் 2019 அக்டோபர் 2ஆம் தேதி கனெக்டிகட்ல எறங்கறப்ப மோதி ஏழு பேரு போயிட்டாங்க. விசாரணையில பைலட் எடுத்த முடிவுலயும் குத்தம் சொன்னாங்க, கூடவே பராமரிப்பு சரியில்லன்னாங்க. ஒரு இஞ்சின்ல, பிளக்குக்கு கரண்டு குடுக்கற மேக்னெட்டோவுல பாயிண்ட் கேப்புங்கற இடைவெளி இருக்க வேண்டிய அளவு இல்ல, சில பிளக்குக்கு ஸ்பார்க்கே சரியா போகல. பாயிண்ட் கேப்! பழைய புல்லட் பைக் வெச்சிருக்கறவனுக்குத் தெரியும், இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் உட்டு ஒரு ஸ்க்ரூ திருப்பற வேலை. அந்த ரிப்போர்ட் படிச்ச அன்னிக்கு என் பட்டறை கம்ப்ரஸர் பெல்ட்டை மூணு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுனது ஞாபகம் வந்து, பொழுதோட திரும்பப் போயி மாத்திட்டுத்தான் ஊட்டுக்கு வந்தேன்.

இப்ப இருவது ரிவெட் அடிச்சா பதினாறு தேறுது. டாலியில பாக்குக்கறை இன்னும் இருக்கு, தேய்க்கல. ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணிட்டு வந்த ரிவெட் அம்பது டப்பாவுல போட்டு ஊட்டு ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன், ஐஸ்க்ரீம் டப்பாதான், கழுவிட்டுத்தான் வெச்சேன். ஞாயித்துக்கெழமை ஒரம்பரை வந்திருக்காங்க, எங்க ஊட்டுக்காரம்மா கொழந்தைகளுக்கு ஐஸ்க்ரீம்னு எடுத்துத் தொறந்து பாத்துட்டு, எல்லார் முன்னாடியும் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தட்டை ரெண்டு தட்டு தட்டுனேன்.