ட்ரோன்ஹெய்மில் டியூக் ஸ்கூலேயைத் தேடி

நார்வே போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டதெல்லாம் ஃபியோர்டு என்ற, மலைகளுக்கு நடுவே நுழையும் கடல் பற்றியும் வடதுருவ ஒளி பற்றியும்தான். நான் போனதோ 1240ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்ட ஒருவரின் தடம் தேடி. பெயர் ஸ்கூலே போர்ட்சன். அரசருக்கு மாமனார். நாட்டில் மூன்றில் ஒரு பங்கின் வருவாய் அவர் கைக்குப் போனது. நார்வேயில் டியூக் பட்டம் வாங்கிய முதல் ஆள். இவ்வளவும் போதாமல் அரசராகவும் ஆசைப்பட்டார். ஆகவும் செய்தார், ஆறரை மாதத்துக்கு.

ஓஸ்லோவில் ரயில் ஏறினால் ட்ரோன்ஹெய்ம் போய்ச் சேர ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வழியில் லில்லெஹாமர் வரும். அந்த ஊரின் சின்னத்தில் பனிச்சறுக்குக் கட்டைமேல் ஒரு வீரன் நிற்பான். ஸ்கூலேயின் கதைக்குள் நுழைய அதுதான் வாசல்.

1206ஆம் வருடக் குளிர்காலம். நார்வேயில் உள்நாட்டுப் போர் தொடங்கி முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பிர்கபெய்னர் என்ற கட்சியின் அரசர் மூன்றாம் ஹோக்கோன் இறந்த பிறகு அவருக்குப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கைக்குழந்தையை எதிர்க்கட்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிர்கபெய்னர் வீரர்கள் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லில்லெஹாமரிலிருந்து பனிமலைகளைச் சறுக்குக் கட்டையிலேயே தாண்டி, வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்றைக்கும் ரேனா என்ற ஊரிலிருந்து லில்லெஹாமர் வரை 54 கிலோமீட்டர் சறுக்குப் போட்டி நடக்கிறது. அதில் ஓடுகிற ஒவ்வொருவரும் முதுகில் மூன்றரைக் கிலோ பை சுமக்க வேண்டும். அந்தக் குழந்தையின் நினைவாகத்தான்.

குழந்தையின் பெயரும் ஹோக்கோன்தான். போய்ச் சேர்ந்த இடம், பிர்கபெய்னர்களின் அடுத்த அரசர் இன்கெயின் அவை. இன்கெயின் தம்பிதான் ஸ்கூலே. அப்போது பதினேழு வயது இருக்கலாம். தன் வாழ்க்கை முழுக்கத் தனக்குக் குறுக்கே நிற்கப்போகிற ஆள், கண்ணெதிரே அரண்மனையில் ஓடி விளையாடி வளர்வதை அந்தப் பையன் பார்த்திருப்பான்.

தம்பி என்றாலும் ஒரு சிக்கல் இருந்தது. இன்கெக்கும் ஸ்கூலேக்கும் அப்பா ஒருவர், அம்மா வேறு. அரச ரத்தம் வந்ததோ இன்கெயின் அம்மா வழியில். ஸ்கூலேக்கு அது கிடையாது. 1217இல் இன்கெ இறந்தபோது ஸ்கூலே வயதிலும் அனுபவத்திலும் படைபலத்திலும் எல்லோரையும்விட மேலே இருந்தார். ஆனால் பழைய பிர்கபெய்னர்களுக்கு வேண்டியிருந்தது பனிமலை தாண்டி வந்த அந்தப் பையன்தான். பதின்மூன்று வயது ஹோக்கோன் அரசரானார். ஸ்கூலேக்கு அரசருக்கு அடுத்த யார்ல் என்ற பதவியும் நாட்டில் மூன்றில் ஒரு பங்கும் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். பையனின் பிறப்பைப் பற்றிய சந்தேகம் மட்டும் ஓயவில்லை. அடுத்த வருடம் பெர்கன் நகரில் அவருடைய தாய் இங்கா, காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தன் மகன் யாருடைய மகன் என்று நிரூபிக்க வேண்டிவந்தது. கட்டு அவிழ்த்தபோது கையில் புண்ணே இல்லையாம். எழுதி வைத்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, ட்ரோன்ஹெய்முக்கு வருவோம். அக்காலத்தில் இதன் பெயர் நிடாரோஸ். நீட் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு சிறு நிலத்துண்டில் பழைய நகரம் இருக்கிறது. ஆற்றோரம் வரிசையாக வண்ணம் பூசிய மரக் கிடங்குகள், சிவப்பு வளைவு வைத்த பழைய பாலம், நடுவே பேராலயம். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அங்கேதான். நானும் முதலில் அங்கேதான் போனேன். புனித ஓலாவின் கல்லறை மேல் எழுந்த கோயில் அது. அவருடைய உடல் இருந்த பேழை நெடுங்காலம் இங்கே பலிபீடத்தில் இருந்தது. ஓலாவை நார்வேயின் என்றைக்குமான அரசர் என்பார்கள். அவரைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறவருக்குத்தான் மதிப்பு.

1239 நவம்பர் 6ஆம் தேதி ஸ்கூலே செய்தது அதைத்தான். ஆறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் கூடும் ஓய்ரெதிங் என்ற மக்கள் மன்றம், அரசர்களை அறிவிக்கும் இடம். அங்கே தன்னை அரசராக அறிவிக்கச் செய்தார். ஓலாவின் பேழையை வெளியே கொண்டுவர ஆலயத்தார் மறுத்தார்கள். ஸ்கூலேயின் ஆட்கள் அதையும் மீறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயது மனிதர், இத்தனை வருடம் பொறுத்தவர், ஏன் அப்போது துணிந்தார்? என்னுடைய ஊகம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொடுத்தே அவரைத் தள்ளிவைத்தார்கள் என்பது. 1223இல் பெர்கனில் நாட்டின் பெரியவர்கள் எல்லோரும் கூடி, உரிமை கோரிய ஐந்து பேரில் ஹோக்கோனையே மறுபடி அரசர் என்றார்கள். ஸ்கூலேக்கு வடக்குப் பகுதி. 1225இல் அவர் மகள் மார்கிரெட்டெயை ஹோக்கோனுக்குக் கட்டி வைத்தார்கள். 1237இல் டியூக் பட்டம். பட்டம் பெரிதாகப் பெரிதாக, மருமகனின் பிடியும் இறுகிக்கொண்டே வந்தது.

செய்தி பெர்கனுக்குப் போன இரவைப் பற்றி ஒரு காட்சி பழைய சாகாவில் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் உரைநடையில் எழுதிவைத்த வரலாற்றுக் கதைகளைத்தான் சாகா என்பார்கள். என்ன விசேஷம் என்று அரசி மார்கிரெட்டெ கேட்கிறாள். பெரிதாக ஒன்றுமில்லை, நார்வேயில் இப்போது இரண்டு அரசர்கள் என்கிறார் ஹோக்கோன். உரிமையுள்ள அரசர் ஒருவர்தான், அது நீங்கள்தான் என்கிறாள் அவள். எதிர்த்து நின்றவர் அவளைப் பெற்ற அப்பா. இந்த ஒரு பதிலுக்காகவே மார்கிரெட்டெயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். புருஷனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்ணின் வாயிலிருந்து இவ்வளவு தெளிவான வாக்கியம் அந்த நேரத்தில் வந்திருக்குமா, பின்னால் சேர்ந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

போர் வேகமாக முடிந்தது. 1240 மார்ச்சில் ஓஸ்லோவுக்கு வடக்கே லோகா என்ற இடத்தில் ஸ்கூலே ஜெயித்தார். ஏப்ரலில் ஓஸ்லோவிலேயே ஹோக்கோன் வந்து அடித்தார். ஸ்கூலே வடக்கே ஓடிவந்தார். கடைசியில் எல்கெசேட்டர் மடத்தில் தஞ்சம்.

பேராலயத்துக்குப் பின்னால் நடந்தால் எல்கெசேட்டர் பாலம் வரும். ஆற்றைத் தாண்டியதும் அதே பெயரில் நீண்ட சாலை. எனக்கு இங்கேதான் நிறைய நேரம் போனது, பார்க்க ஒன்றும் இல்லாததால். பேருந்துகள் அடுத்தடுத்து வருகின்றன. பாலத்து முனையில் மாணவர் சங்கத்தின் சிவப்பு வட்டக் கட்டடம். இன்னொரு பக்கம் புனித ஓலாவ் பெயரில் பெரிய மருத்துவமனை. அகஸ்டீனியத் துறவிகளின் மடம் நின்றது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். தரைக்கு மேலே அதன் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. மடத்தின் நினைவை ஒரு தெருப் பெயர் மட்டும் பிடித்துவைத்திருக்கிறது, க்ளோஸ்டர்காட்டா, அதாவது மடத்துத் தெரு. சைக்கிளில் போன ஒரு கல்லூரிப் பெண்ணிடம் ஸ்கூலே பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இருக்கிறது, இங்கேயா செத்தார் என்று திருப்பிக் கேட்டாள்.

இங்கேதான். மடத்துக்குள் புகுந்தவரைத் தொடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். பிர்கபெய்னர்கள் உள்ளே போகவில்லை, மடத்துக்குத் தீ வைத்தார்கள். புகை தாங்காமல் ஸ்கூலேயும் அவருடைய ஆட்களும் வெளியே வந்தார்கள். தலைக்கு மேல் கேடயத்தைப் பிடித்தபடி வந்த ஸ்கூலே, முகத்தில் வெட்டாதீர்கள், தலைவர்களை அப்படிச் செய்வது வழக்கமில்லை என்றார். அவ்வளவுதான். 1130இல் தொடங்கிய உள்நாட்டுப் போர்க் காலம் இந்தச் சாலை ஓரத்தில் முடிந்ததாக நார்வே வரலாற்றில் கணக்கு.

மறுநாள் ஸ்கூலேயின் சொந்த மண்ணுக்குப் போனேன். ட்ரோன்ஹெய்முக்கு வெளியே ஃப்ளாக் என்ற துறையில் வண்டிகளோடு ஆட்களையும் ஏற்றும் படகு இருக்கிறது. அரைமணிக்குள் ஃபியோர்டின் அக்கரையில் ரோர்விக். அங்கிருந்து ரிஸ்ஸா பக்கம் போனால் ரெய்ன். ஸ்கூலே குடும்பத்தின் பண்ணை இது. தன் பரம்பரை நிலத்தில் பெண் துறவிகளுக்கு ஒரு மடம் கட்டினார். சகோதரி சிக்ரிட் அதன் தலைவி. இப்போது இருப்பது தனியார் பண்ணையும், மடத்துத் தேவாலயத்தின் இடிந்த கல்சுவர்களும். பச்சை வயல், தூரத்தில் தண்ணீர், ஆள் அரவம் இல்லை. எல்கெசேட்டரில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. ஸ்கூலே சொல்லி அடுக்கிய கல்லைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. பக்கத்திலேயே 1978 ஏப்ரல் 29 அன்று ஒரு விவசாயி தன் கொட்டகையை விரிவாக்கத் தோண்டிய மண்ணால் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு, பண்ணைகள் அப்படியே குழம்பாகி ஏரிக்குள் போயின. ஊர்க்காரர்களுக்கு ரிஸ்ஸா என்றால் அதுதான் நினைவுக்கு வருகிறது, ஸ்கூலே இல்லை.

ட்ரோன்ஹெய்மிலிருந்து பெர்கனுக்குக் கடலோரக் கப்பலில் போனேன். ஒரு நாளுக்குக் கொஞ்சம் அதிகம். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். இருந்தாலும் கப்பலில் போகச் சொல்வேன். ஸ்கூலேயின் கதையில் பாதி இந்தக் கடலோரத்தில்தான் நடக்கிறது. அந்தக் கதையை யார் எழுதியது என்பதிலும் ஒரு கப்பல் வருகிறது.

ஸ்கூலேக்கு ஐஸ்லாந்தில் ஒரு நண்பர் இருந்தார், ஸ்நோரி ஸ்டுர்லுசன். நார்வே அரசர்களின் வரலாற்றை எழுதியவராக உலகம் அறிந்தவர். 1218இல் நார்வே வந்து ஸ்கூலேயிடம் தங்கினார். ஐஸ்லாந்துமேல் படையெடுக்க ஸ்கூலே எண்ணியபோது பேசித் தடுத்தார். ஸ்கூலே அவருக்கு ஒரு கப்பலே பரிசாகக் கொடுத்தார். ஹோக்கோனையும் ஸ்கூலேயையும் சேர்த்துப் புகழ்ந்து ஸ்நோரி ஒரு நீண்ட கவிதை பாடினார். 1239இல் ஹோக்கோனின் தடையை மீறி ஊர் திரும்பினார். 1241 செப்டம்பரில் ஐஸ்லாந்தில் ரெய்கோல்ட் என்ற தன் வீட்டின் நிலவறையில், ஹோக்கோன் பக்கம் நின்ற ஆட்களின் கையால் கொல்லப்பட்டார். வெட்டாதே என்பதுதான் அவருடைய கடைசிச் சொல். ஸ்கூலேயாவது முகத்தை மட்டும் விடச் சொன்னார்.

ஸ்நோரியின் அண்ணன் மகன் ஸ்டுர்லா தோர்தர்சன். 1263இல் ஐஸ்லாந்தில் தோற்றுப்போய், அரசரின் கோபத்துக்கும் ஆளாகி நார்வே வந்தார். ஹோக்கோன் அப்போது ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் இருந்தார். அந்த டிசம்பரில் ஆர்க்னித் தீவில் இறந்தும் போனார். மகன் மாக்னுஸ் ஸ்டுர்லாவைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டார், முகம் கொடுத்துப் பேசாமல். ஒரு மாலையில் ஸ்டுர்லா மாலுமிகளுக்கு ஒரு பூதப் பெண்ணின் கதை சொல்ல, கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். மறுநாள் அரசி தனக்கும் சொல்லச் சொன்னார். அப்புறம் அரசரும் கேட்டார். ஸ்டுர்லாவின் தலை தப்பியது. கொஞ்ச காலத்தில் ஹோக்கோனின் வரலாற்றை எழுதும் வேலையும் அவரிடம் வந்தது. சித்தப்பாவைக் கொல்ல வைத்தவரின் வாழ்க்கையை, அவருடைய மகன் மேற்பார்வையில் எழுதும் வேலை. ஸ்கூலேயைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இதிலிருந்து வருவதுதான். மார்கிரெட்டெயின் பதிலை நான் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இது. எழுதும்போது அவள் உயிரோடு இருந்தாள், ராஜமாதா. அப்படித்தான் சொன்னேன் என்று அவளே சொல்லியிருக்கவும் கூடும்.

பெர்கனில் துறைமுக வாயிலில் ஹோக்கோன் கட்டிய கல் மண்டபம் நிற்கிறது. 1261இல் மாக்னுஸின் கல்யாணத்துக்குத் தயாரானது. 1944இல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துக் கூரை போய், பிறகு சீர்செய்தார்கள். உள்ளே போனால் உயரமான வெற்றுக் கூடம், ஜன்னல்களில் கடல் வெளிச்சம். ஜெயித்தவருக்கு மண்டபம், தோற்றவருக்குப் பேருந்து நிறுத்தம் என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் ஸ்டுர்லா அப்படி எழுதவில்லை. ஸ்கூலேயின் சாவைச் சொன்ன கையோடு அவர் ஒன்று சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வருடத்துக் கேடு மட்டும் நேராமல் இருந்திருந்தால், நேரடி அரச வம்சத்தில் வராதவர்களில் இவரைவிடச் சிறந்தவர் நார்வேயில் பிறந்ததில்லை என்று பலர் சொன்னார்களாம். இதை எழுதச் சொல்லிக் கேட்டிருந்த மாக்னுஸ், ஹோக்கோனின் மகன் மட்டுமில்லை. மார்கிரெட்டெயின் மகன். எல்கெசேட்டரில் தீ வைத்தபோது இரண்டு வயதுப் பிள்ளை. கொல்லப்பட்டது அவருடைய தாத்தா.