கொழும்பு வெள்ளவத்தை வெக்கையில கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்க்ளொக் பண்ணின (கொம்பனி வைச்ச ஸ்பீடை விடக் கூட்டி ஓட்டின) கதை

போன சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், நாங்கள் இருக்கிறது மேல்மாடி, ஏசி இல்ல, அறைக்குள்ள 33 டிகிரி. என்ர என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு கோர் க்ளொக்கை, அதாவது சிப்பின்ர ஸ்பீடை, 120 மெகாஹேர்ட்ஸ் கூட்டிப்போட்டு கேம் விளையாடிக்கொண்டிருந்தனான், பத்து நிமிசத்தில ஸ்க்ரீன் கறுத்து டிரைவர் (கார்டை இயக்குற மென்பொருள்) விழுந்திட்டுது. முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு இதே செட்டிங் ரெண்டு மணித்தியாலம் ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடினது. கார்ட் பழுது எண்டுதான் முதல்ல நினைச்சன், உண்மையில பழுது இல்ல, பகலுக்கும் இரவுக்கும் அறைச்சூடு வேற எண்டதை நான் கணக்கெடுக்கேல்ல.

கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சூட்டை அறைக்காத்துக்குத்தான் குடுக்கும். வெளிநாட்டு வீடியோவில 65 டிகிரி காட்டுற ஆளின்ர அறை 20, 21ல இருக்கும், அதே கார்டை இங்க கொண்டுவந்து ஓடவிட்டா 77 வரும். அதால கொம்ப்யூட்டர் கடையள் இருக்கிற யூனிட்டி பிளாசாவுக்குப் போய் புது ஃபேன் தேட முதல் மேசையில ஒரு அறை வெப்பமானி வையுங்கோ, அது இல்லாம ஆர் சொல்லுற நம்பரையும் உங்கட நம்பரோட ஒப்பிடேலாது.

3060க்கு என்விடியா சொல்லுற உச்சம் 93 டிகிரி, ஆனா அதுக்குக் கனக்க முதலே கார்ட் சூடாக ஆக க்ளொக்கை 15 மெகாஹேர்ட்ஸ் படியா தானே இறக்கிக்கொண்டு வரும். நீங்கள் கையால கூட்டினதை வெக்கை திரும்ப எடுத்திடும். சூட்டில சிப்புக்குள்ள கரண்ட் கசியிறதும் கூடும், அதால இன்னும் சூடு. இதுக்குத்தான் நான் இப்ப ஆர் கேட்டாலும் முதல்ல வோல்டேஜைக் குறை, பிறகு ஸ்பீடைக் கூட்டு எண்டு சொல்லுறனான். வோல்டேஜின்ர வர்க்கத்துக்கு ஏத்த மாதிரித்தான் பவர் போகும், 1.05ல இருந்து 0.9 வோல்ட்டுக்கு இறக்கினா அதே க்ளொக்கில கால்வாசிப் பவர் குறையும்.

கார்டின்ர செட்டிங் மாத்துற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அமத்தினா, எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு க்ளொக் எண்டு காட்டுற வளைகோடு வரும். 900 மில்லிவோல்ட் புள்ளியை 1850 மெகாஹேர்ட்ஸுக்குத் தூக்கி, அதுக்கு வலப்பக்கம் இருக்கிறதெல்லாத்தையும் அதே மட்டத்துக்கு இறக்கி அப்ளை குடுத்தன். முதல் மத்தியானத்தில 82 காட்டின கார்ட் 72ல நிண்டுது, ஃபேன் சத்தமும் பாதி. அம்மா வந்து கொம்ப்யூட்டர் ஓஃபா எண்டு கேட்டவ! உங்கட சிப் 900ல 1850 தாங்காமலும் போகலாம், அப்ப 15 15ஆ இறக்கிப் பாருங்கோ, ஒரே மொடல் கார்ட் ரெண்டும் ஒரே மாதிரி இராது.

பிறகு கார்டின்ர மெமரி ஸ்பீடை 100 100 மெகாஹேர்ட்ஸாக் கூட்டி, ஒவ்வொரு தரமும் கார்டுக்கு ஸ்கோர் குடுக்கிற யூனிஜின் சூப்பர்பொசிஷன் டெஸ்டை ஓட்டி ஸ்கோரை எழுதி வைச்சன். இதில ஒண்டு வடிவா கவனிக்கோணும், கூட்டக் கூட்ட ஸ்கோர் ஏறி ஒரு இடத்தில நிண்டு பிறகு இறங்கும், ஸ்க்ரீனில ஒரு பிழையும் தெரியாது. இறங்கத் தொடங்கின இடத்தில இருந்து 200 பின்னால வந்து நிப்பாட்டினன். டெஸ்ட் எல்லாம் மத்தியானம்தான் செய்யோணும், இரவு பாஸ் ஆகிறதை நம்பாதேங்கோ. ஒரு கிழமை ஒழுங்கா ஓடும்வரை விண்டோஸ் தொடங்கேக்க தானா அப்ளை ஆகிற பட்டனை அமத்தவும் வேண்டாம், இல்லாட்டி பிழையான செட்டிங்கோடயே திரும்பத் திரும்ப எழும்பும். கார்டின்ர பயோஸை (அது எழும்பிறதுக்கு உள்ள இருக்கிற மென்பொருளை) மாத்தி எழுதுற வேலைக்கு நான் போகேல்ல, போகவும் மாட்டன், அதில பிழைச்சா கார்டே எழும்பாமப் போகலாம்.

ஃபேனைப் பற்றி ஒண்டு. கன கார்டில சும்மா இருக்கேக்க ஃபேன் நிண்டிடும், எங்கட ஊரில சும்மா இருந்தாலே 50க்குக் கிட்ட வாறதால நிண்டு சுத்தி நிண்டு சுத்தி உயிரை வாங்கும். நான் எப்பவும் 30 வீதத்தில சுத்தவும், 75 டிகிரியில 80 வீதத்துக்கு வரவும் கோடு போட்டிருக்கிறன்.

மற்றது உப்புக்காத்து. கடலோர ரோட்டான மரைன் டிரைவ் பக்கம் யன்னலைத் திறந்து வைச்சா தூசி ஈரத்தோட சேர்ந்து ஹீட்சிங்கில (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடுகளில) களிமாதிரி ஒட்டும், என்ர கார்டின்ர ஸ்க்ரூ ரெண்டு கறள் பிடிச்சிட்டுது. மாசம் ஒருக்கா மெல்லிய பிரஷ்ஷால தட்டி ஊதுறன், ஊதேக்க ஃபேனை விரலால பிடிச்சிருக்கோணும். சூட்டைக் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில கோருக்கும் ஹொட்ஸ்பொட்டுக்கும் (சிப்பில ஆகச் சூடான இடத்துக்கும்) இடைவெளி 12, 13 டிகிரி எண்டா நிம்மதி, 20ஐத் தாண்டிக்கொண்டு போனா சிப்புக்கும் கூலருக்கும் இடையில பூசுற பேஸ்ட் காய்ஞ்சிருக்கலாம், அந்த நிலைமையில ஓவர்க்ளொக்கைத் தொடவே வேண்டாம். என்ரது இப்ப 17ல நிக்குது. பேஸ்ட் வாங்கி வைச்சிட்டன், தேர்மல் பாட் (மெமரி சிப்புகளின்ர சூட்டைக் கூலருக்குக் கடத்துற மெத்தைத் துண்டு) தடிப்பு கார்டுக்குக் கார்ட் மாறும் எண்டதால பழசைக் கழட்டி அளந்து பாத்திட்டுத்தான் வாங்கப் போறன், வாற போயாவுக்கு (பௌர்ணமிக்கு) லீவு, அண்டைக்குத்தான் இந்த வேலை.