டீட்டன் மலையடியில் செப்டம்பர் கடைசி

வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் ஆஸ்பென் மரங்கள் முழு மஞ்சளுக்கு வருவது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்தில். நடுவில் ஒரு பலத்த காற்று அடித்தால் போதும், அத்தனை நிறமும் ஒரே ராத்திரியில் தரைக்கு வந்துவிடும். அதனால் இந்தப் பயணத்துக்கு நாள் குறிக்கவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டியோட்டி ஜாக்சன் ஊருக்குப் போய், ஆறு பேர் மட்டும் உள்ள ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்துகொண்டேன். காற்று எங்களை விட்டுவைத்தது.

நான் தேனிப் பக்கம் வளர்ந்தவள். அங்கே முதலில் ஒரு கரடு, அதற்குப் பின்னால் இன்னொரு கரடு, அப்புறம்தான் மலை. டீட்டனில் அந்தப் படிகளே இல்லை. புல்வெளி முடிகிற இடத்தில் நேராகச் சுவர் எழும்புகிறது. அங்கே பூமியில் ஒரு பிளவுக்கோடு ஓடுகிறது. நிலநடுக்கம் வரும்போதெல்லாம் அதன் மேற்குப் பக்கம் மேலே ஏற, கிழக்குப் பக்கம் இறங்கிப் பள்ளத்தாக்கானது. ஒரு கோடி ஆண்டுக்குள் நடந்த வேலை, மலைகளின் வயதில் அது குழந்தைப் பருவம். உச்சிச் சிகரம் 13,775 அடி. அதில் ஏறக்குறைய 7,000 அடியை அடிவாரத்திலிருந்தே மறைப்பில்லாமல் பார்க்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. பள்ளத்தாக்கில் நின்றால் மலை மேற்கே இருக்கிறது. காலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து நேராகச் சிகரத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் பாறையில் ஒரு விவரமும் தெரியாது. ஆகவே விடிகாலை மலைக்கு, மாலை விலங்குகளுக்கு என்று பொழுதைப் பிரித்துக்கொண்டோம். நடுப்பகலில் தூக்கம், இல்லையென்றால் மேகம் மூடியிருந்தால் ஆஸ்பென் தோப்பு.

எங்களை அழைத்துப் போனவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் வண்டியில் ஏறியதும் அவர் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நாம் பார்க்கப்போகிற ஒவ்வொரு விலங்குக்கும் வருஷத்தில் இதுதான் மிக நெருக்கடியான காலம். ஆண் எல்க், மூஸ் என்கிற பெரிய மான்களுக்கு இணை தேடும் காலம், கரடிக்குப் பனிக்கால உறக்கத்துக்கு முன் தின்று சேர்க்கும் காலம். நம்மால் ஒரு விலங்கு தலை தூக்கிப் பார்த்தால்கூட அது நாம் எடுத்துக்கொண்ட நேரம்" என்றார். குழுவில் என்னைத் தவிர இன்னொரு தமிழரும் இருந்தார். கோவையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாரும் பெரிய லென்ஸும் முக்காலியுமாக நிற்க, அவர் கழுத்தில் ஒரு பைனாகுலரும் கையில் சிறிய ஜூம் கேமராவும் மட்டுமே. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஆண்டு தவறாமல் பங்கெடுப்பவராம். வழிநடத்தியவர் பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "சரியான ஆளுகிட்டதான் வந்து சேர்ந்திருக்கோம் கண்ணு" என்றார்.

ஆஸ்பென் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் ஒரு தோப்பு தகதகவென்று மஞ்சளாக இருக்கும், ஒட்டி நிற்கிற அடுத்தது இன்னும் பச்சையாகவே இருக்கும். நடுவில் கோடு கிழித்தாற்போல் எல்லை. ஒரு தோப்பில் நாம் பார்க்கிற மரங்கள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்து வந்தவை, மரபணுவில் ஒரே மரம். அதனால் மொத்தமாக ஒன்றாகவே நிறம் மாறுகின்றன. நான் இருக்கிற யூட்டாவில் பாண்டோ என்று ஒரு தோப்பு இருக்கிறது. 106 ஏக்கரில் ஏறக்குறைய 47,000 தண்டுகள், எல்லாம் சேர்ந்து ஒரே உயிர். டீச்சரிடம் இதைச் சொன்னபோது பக்கத்து மரத்தின் வெள்ளைப் பட்டையில் கையை வைத்தபடி சற்று நேரம் பேசாமல் நின்றார்.

ஊரில் தேக்கு இலை கொட்டுவது கோடையின் வறட்சிக்கு. இங்கே பகல் சுருங்குவதும் குளிரும்தான் காரணம். இலையின் பச்சையம் சிதைந்து போக, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில செடிகளில் தெரிகிற சிவப்பு அப்படியல்ல. அது இலை கடைசிக் காலத்தில் புதிதாக உண்டாக்குகிற நிறம். படத்துக்கு வருவோம். ஆஸ்பென் இலையின் மேல் ஒரு மினுமினுப்பு இருக்கும், அது நிறத்தை வெளுத்துக் காட்டும். போலரைசர் வளையத்தைப் போட்டு மெதுவாகத் திருப்பினால் மினுமினுப்பு விலகி உள்நிறம் வந்து நிற்கும். அகல லென்ஸில் வானத்தையும் சேர்த்து எடுத்தால் மட்டும் வளையத்தைக் கழற்றிவிடுவேன், நீலம் ஒரு பக்கம் கறுத்துப் போகிறது. தோப்புக்குள் போய்விட்டால் வெயிலைவிட மேகமூட்டமே எனக்குப் பிடிக்கும்.

ஆக்ஸ்போ பெண்ட் என்பது ஸ்னேக் ஆறு வளைந்து தேங்கி நிற்கிற இடம். எதிரே 12,605 அடி மவுண்ட் மோரன், அதன் நெற்றியில் செங்குத்தாக ஓடுகிற கருப்புப் பாறைக்கோடு, அடியில் ஆஸ்பென் வரிசை, கீழே இத்தனையும் தலைகீழாகத் தண்ணீரில். சூரியன் ஏழேகாலுக்கு மேல்தான் எழும் என்றாலும் ஆறு மணிக்கு முன்பே கரையில் முக்காலிகள் வரிசை கட்டிவிட்டன. குளிர் உறைநிலைக்குக் கீழே. பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன், குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும். ஆற்றின் மேல் மூடுபனி. முதலில் உச்சி மட்டும் ரோஜா நிறமானது, பிறகு அந்த நிறம் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கியது. ஆஸ்பென் மேல் வெயில் விழுந்த அடுத்த பத்து நிமிஷத்தில் கூட்டத்தில் பாதி, காபிக்குக் கிளம்பிவிட்டது.

நாங்கள் கிளம்பவில்லை. ஆறு பேர் என்பதன் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒரே வேன், "இருப்போமா?" என்று ஒரு கேள்வி, ஆறு தலையாட்டல், முடிந்தது. பெரிய பேருந்தில் வந்தவர்களுக்கு அடுத்த இடத்தில் இத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்ற நெருக்கடி. பனி விலகி, தண்ணீர் நிறம் மாறிக் கொஞ்ச நேரம் கழித்து, எதிர்க்கரை நாணலுக்குள்ளிருந்து நீர்நாய்க் குடும்பம் ஒன்று வெளியே வந்தது. ஒன்று மீனைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையின் மேல் ஏறியது. முறுமுறுவென்று கடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. யாரும் இடம் மாறவில்லை. அவை எங்களைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. தின்று முடித்து, உடம்பைத் தேய்த்துக்கொண்டு, அவற்றின் பாட்டுக்கு ஆற்றோடு போய்விட்டன.

மாலைகளில் எல்க். ஜென்னி ஏரிக்குப் பக்கத்துப் புல்வெளி ஓரம் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். வெளிச்சம் மங்கும்போது காட்டு விளிம்பிலிருந்து ஆண் எல்க்கின் குரல் வரும். இத்தனை பெரிய உடம்பிலிருந்து வரும் ஒலி என்று நம்ப முடியாது. அடித்தொண்டையில் தொடங்கி, சீவாளி சரியாக அமையாத நாதஸ்வரம்போல் கீச்சென்று உச்சிக்குப் போய், கடைசியில் சில உறுமல்களாக முடியும். ஒரு ஆண் இருபது பெண்களைக்கூடச் சேர்த்து வைத்துக்கொண்டு, இன்னொரு ஆண் நெருங்காமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வாரங்களில் அது சரியாக மேய்வதே இல்லை. எடை குறைந்துபோய்த்தான் பனிக்காலத்துக்குள் நுழைகிறது. நாம் ரோட்டிலிருந்து இறங்கிப் போய் அந்தக் கூட்டத்தைக் கலைத்தால், அதை மறுபடி சேர்க்க அது ஓடுகிற ஓட்டம் பனிக்காலத்துக்கான கையிருப்பிலிருந்து செலவாகிறது. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 6400 வரை ஏற்றிச் சில படங்கள் எடுத்தேன். கொம்பின் நிழலுருவமும் வாயிலிருந்து எழும் ஆவியும் மட்டும் தெரிகிற ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அப்புறம் கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூஸைப் பார்த்தது க்ரோ வாண்ட் ஆற்றங்கரையில், காட்டன்வுட் மரங்களுக்கு நடுவே. மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கு. தோல் உரிந்து பளபளப்பான, உள்ளங்கை விரித்தாற்போன்ற கொம்பு, தாடைக்குக் கீழே தொங்குகிற தாடி. ஒரு பெண் மூஸை விட்டு விலகாமல் நின்றது. மூஸ் ஏறக்குறைய கருப்பு, பின்னால் இலைகளெல்லாம் மஞ்சள். அந்தக் கருப்பை வெளிச்சமாக்க வேண்டும் என்று கேமரா தானாகவே எக்ஸ்போஷரைக் கூட்டும், இலைகள் வெளுத்துப் போகும். அதனால் முக்கால் ஸ்டாப் குறைத்து வைத்துக்கொண்டேன். பூங்காவின் விதி மூஸுக்கும் எல்க்குக்கும் 25 கெஜம், அதாவது 23 மீட்டர். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம். எங்களை நடத்தியவர் மூஸுக்கு அந்த 25 போதாது என்பார். இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி, தடித்த மரங்கள் நமக்கும் அதற்கும் இடையில் வருகிற மாதிரி நிறுத்தினார்.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் செல்போனை நீட்டியபடி மூஸை நோக்கி நடந்து வந்தார். மூஸின் காது இரண்டும் பின்னால் படிந்தன, கழுத்து மயிர் எழுந்தது, நாக்கால் உதட்டை நக்கியது. அது தாக்குவதற்கு முந்திய அறிகுறி என்று காலையில்தான் கேட்டிருந்தோம். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பூங்காவில் வனவிலங்குப் படை என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், 2007 முதல் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களில் ஒரு பாட்டி, குரலை உயர்த்தாமல், "ஐயா, அப்படியே பின்னால் வாருங்கள், முதுகைக் காட்டாதீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே அவரை வெளியே கொண்டுவந்தார். திட்டவில்லை, சட்டம் பேசவில்லை. அந்த அம்மாவைப் போன்றவர்கள் சம்பளம் வாங்காமல் நாளெல்லாம் குளிரில் நிற்பதால்தான் ரோட்டோரத்தில் விலங்கும் மனிதரும் சேதமில்லாமல் பிரிகிறார்கள்.

அன்று ராத்திரி படங்களைப் போட்டுப் பார்த்தபோது எல்லாருக்கும் பிடித்தது டீச்சரின் சின்னக் கேமராவில் எடுத்ததுதான். மூஸின் முதுகில் ஒரு மேக்பை உட்கார்ந்து உண்ணி பொறுக்குகிறது. மூஸ் கண்ணை அரைவாசி மூடியிருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் கொம்பைக் குறிவைத்துக்கொண்டிருந்தோம், அவர் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரடி என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் சொல்வது 399 என்ற எண்ணைத்தான். 1996இல் பிறந்த, கிரிஸ்லி வகைத் தாய்க் கரடி. ரோட்டோரத்திலேயே குட்டிகளை வளர்த்ததால் உலகம் முழுக்கப் படமானவள். 2020இல், 24 வயதில், நான்கு குட்டிகளோடு குகையிலிருந்து வெளியே வந்தாள். 2024 அக்டோபரில் ஜாக்சனுக்குத் தெற்கே, ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையில் ஒரு வாகனம் மோதி இறந்துபோனாள். எங்களை நடத்தியவர் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பிறகு கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்று, வேகம். கரடிகள் இந்த மாதங்களில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்ன வேண்டியிருக்கிறது. அதனால் இருட்டிய பிறகும் ரோட்டைத் தாண்டித் தாண்டி அலைகின்றன. பூங்காவுக்குள் பெரிய சாலையில் இரவு வேகவரம்பு 45 மைல் என்று வைத்திருப்பது இந்த உயிர்களுக்காகத்தான். நாங்கள் கிரிஸ்லியைப் பார்க்கவில்லை. மூஸ்-வில்சன் என்ற பெயருள்ள சாலையில் ஒரு கருப்புக் கரடி மட்டும், ஹாதார்ன் மரத்தின் கிளையை வளைத்துப் பழத்தைக் கொத்துக் கொத்தாக வாயில் போட்டுக்கொண்டிருந்தது. வேனிலிருந்து இறங்காமலே எடுத்தோம். அரை மணி நேரம் அது தின்பதைப் பார்த்தது போதுமானதாக இருந்தது.

1929இல் பூங்கா அமைந்தபோது மலைகளும் அடிவாரத்து ஏரிகளும் மட்டுமே அதற்குள் இருந்தன. எல்க்கும் மூஸும் மேய்கிற இந்தப் பள்ளத்தாக்குத் தரை வெளியே இருந்தது. ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் தன் பெயரே வெளியே தெரியாமல் அதில் 30,000 ஏக்கருக்கும் மேல் வாங்கி அரசுக்குக் கொடுத்தார். உள்ளூரில் அதற்குப் பெரிய எதிர்ப்பு. 1950இல்தான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. மலையை யாரும் எங்கேயும் கொண்டுபோய்விட முடியாது. இந்தத் தரை பறிபோயிருந்தால் நான் மேலே எழுதியதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால் அந்தச் சண்டையில் தோற்காமல் நின்றவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

போக நினைப்பவர்களுக்கு: அறைகளைப் பனிக்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், பூங்காவுக்குள் இருக்கிற விடுதிகளில் பல அக்டோபர் தொடக்கத்தோடு மூடிவிடும். கரடி பாய்ந்து வந்தால் அடிக்கிற கரடி ஸ்பிரேயைப் பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள். குழுவாகப் போவதாக இருந்தால், நடத்துகிறவருக்குப் பூங்காவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஒரு வேனில் எத்தனை பேர், மூஸுக்கு எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள். "எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் கூட்டிப்போகிறேன்" என்று பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள்.